வின்னி தட்டிய எழுத்து

"ஃப்ளாப்பியைத் திருடினது நீங்கதானே, ஏனோக்கு?"

மம்தா டீச்சர் போட்ட சத்தம் மாரிகுப்பம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். பின்னே? கோடை லீவு முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்து அவள் செய்து அந்த ஃப்ளாப்பியில் போட்ட பயாலஜி விளையாட்டாச்சே! அப்பா, அம்மா ரத்த குரூப்பைத் தட்டி, பிள்ளையோடதையும் தட்டணும். பொருந்தினால் கைதட்டும். இல்லாவிட்டால், 'இவர்களுக்கு இந்தப் பிள்ளை பிறக்காது' என்று பல்லிளிக்கும்.

நேற்று ஸ்டாஃப் ரூமில் ஆடிக் காட்டியபோது, டீ கொண்டுவந்த பியூன் ஏனோக்கும் பார்த்தார். இன்று ஃப்ளாப்பி அவர் சோற்றுப் பையில்.

"அந்த ஆட்டம் பசங்களுக்கு வேணாம்மா..."

"ஏன்? கம்ப்யூட்டர் வந்தா, மூடின தங்க மைன்ஸ் ஆளுங்களுக்கு மாதிரி உங்களுக்கும் வேலை போயிடும்னு பயமா?"

ஏனோக்கு என்னமோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம், "ஆமாம்மா, அதான்" என்று தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த பீரியட் பத்தாங்கிளாஸ். பெற்றோரின் குரூப்பை வீட்டில் கேட்டு எழுதி வந்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனை கேம்பில் கொடுத்த பிள்ளைகளின் கார்டுகள் டீச்சர் கையில்.

வின்னி முறை வந்தது. ஏனோக்கின் ஒரே மகள்.

அப்பா ஓ. அம்மா ஓ. கொஞ்சம் தயங்கிவிட்டு, தனக்கும் ஓ தட்டினாள். கம்ப்யூட்டர் கைதட்டியது.

டீச்சர் கார்டைப் பார்த்தாள். பி!

அப்பன் புத்தி அப்படியே இருக்கு பார்!

"இன்னா வின்னி இது? உன் குரூப்பு பி-ன்னு கார்டுல இருக்கு. எதுக்குப் பொய்யா தட்டின? அப்பாவும் ஓ, அம்மாவும் ஓ-ன்னா பிள்ளை எப்படி பி..."

அங்கேதான் டீச்சருக்குப் பொறி தட்டியது. அடிப்பாவி, மூளைக்கு எட்டுறதுக்குள்ள வாய் முந்திக்கிச்சே!

வாசலில் சர்க்குலர் நோட்டோடு ஏனோக்கு நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

வின்னி எழுந்து டீச்சர் காதருகே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன் மிஸ் இவ்ளோ சத்தமா சொன்னீங்க? நான் எடுத்து வளர்த்த பொண்ணுன்னு எனக்கு எப்பவோ தெரியும். எனக்குத் தெரியும்னுதான் அப்பாவுக்குத் தெரியாது."