சரளைப் பாதையில் ஒரு சத்தியம்

"சைக்கிளைத் திருப்பாத ஷீலா. திருப்பினா ஓடுறோம்னு நெனச்சுத் துரத்துவாங்க. அப்படியே நில்லு."

வாசுதேவன் உதடு அசையாமல் சொன்னான். எதிரே சரளைப் பாதையை மறித்துக்கொண்டு ஒரு மாட்டு வண்டி குறுக்கே நின்றது. அதைச் சுற்றித் தடியும் கையுமாக ஆட்கள். ஷீலா பின்னால் பார்த்தாள். சீதாப்பழத் தோட்டத்துக்குள்ளிருந்தும் ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமையானால் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சைக்கிளில் கிளம்பிவிடுவது அந்த வருஷம், 2007-ல், அவர்களைப் பிடித்த பைத்தியம். புனேயில், விமான் நகரில் ஃபிளாட். கராடியில் வாசுதேவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. உட்கார்ந்தே வளர்ந்த தொப்பையைப் பார்த்து டாக்டர் நடக்கச் சொன்னார். இவன் கியர் வைத்த சைக்கிள் இரண்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். தார் ரோடு துரைக்குப் பிடிக்காது. சாஸ்வட் தாண்டியதும் மேடு ஏறி, பள்ளம் இறங்கி, பழைய கல் வாசல் வைத்த ஊர்கள் வழியாகப் போகிற மண் பாதையாகத் தேடிப் பிடிப்பான். இந்த ஊர்ப் பக்கம் வருவது மூன்றாவது தடவை. ஒவ்வொரு மேட்டிலும் நின்று சுற்றிலும் பார்ப்பான். மூச்சு வாங்குகிறது போல, பாவம் என்று ஷீலாவும் நிற்பாள்.

தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். அவர் மராத்தியில் கேட்டதற்கெல்லாம் ஷீலாதான் பதில் சொன்னாள். புனேயிலேயே, கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். மராத்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசுதேவனோ புனேக்கு வந்து இத்தனை வருஷமாகியும் ஆட்டோக்காரனிடம்கூட வாயைத் திறக்க மாட்டான்.

பெரியவர் சொன்னதைக் கேட்கக் கேட்க ஷீலாவின் பயம் கூடியது. மலைமேல் இருக்கிற கோட்டையைப் பார்க்க வந்தோம் என்று போன வருஷம் இரண்டு பேர் வந்தார்களாம். நம்பி வீட்டுக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டார்களாம். அவர்கள் நிலத்தை நோட்டம் பார்க்க வந்தவர்கள் என்பது, கிணற்றுக்குப் போகிற வழியில் கம்பி வேலி முளைத்த பிறகுதான் தெரிந்ததாம். மிச்சமிருக்கும் மலையடிவாரத்தையும் இப்போது யாரோ வளைக்கிறார்களாம். அதுவும் போனால் ஊரே பிழைப்புக்காகப் புனேயில் செங்கல் சுமக்க வேண்டியதுதான். இனி நோட்டம் பார்க்க எவன் வந்தாலும் காலை ஒடித்து அனுப்புவதென்று முடிவாம்.

ஷீலா தமிழில் சொல்லி முடிப்பதற்குள் வாசுதேவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சும்மா சுத்திப் பாக்க வந்தோம்னு சொல்லு. என்ன கேட்டாலும் நீயே பேசு."

சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒருவன் வாசுதேவனின் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினான். வாழைப்பழமும் காற்றடிக்கும் பம்பும் விழுந்தன. இன்னொருவன் தடியை ஓங்கி அவளுடைய சைக்கிள் சக்கரத்தில் ஓர் அடி போட்டான். கம்பிகள் வளைந்தன. அடுத்த அடி எங்கே விழும் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியவர் தடியைத் தடுத்தார். பக்கத்திலிருந்த கண்டோபா கோயிலிலிருந்து வில்வ இலையும் மஞ்சள் பொடியும் கொண்டுவரச் செய்தார். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. மஞ்சளைக் கையில் ஏந்திப் பொய் சொன்னவன் குடும்பம் தழைக்காது என்பார்கள். உன் புருஷன் கையை நீட்டட்டும், நிலத்துக்காக வரவில்லை என்று சொல்லட்டும், விட்டுவிடுகிறோம் என்றார்.

வாசுதேவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கு மராத்தி வராதுன்னு சொல்லு. நீயே எடு ஷீலா."

ஆபீஸில் பதினைந்து பேரை மேய்க்கிறவன், இந்தக் கூட்டத்தைக் கண்டு இப்படி நடுங்குகிறானே என்று அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. தன் கையை நீட்டினாள். மஞ்சளை ஏந்தி, நிலத்துக்காக நாங்கள் வரவில்லை, சைக்கிள் ஓட்டத்தான் வந்தோம் என்று மராத்தியில் தெளிவாகச் சொன்னாள்.

பெரியவர் தலையாட்டினார். தடிக்காரனுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அவன் மறுபடி ஓர் எட்டு முன்னால் வைத்தான். ஷீலாவுக்குப் பயத்தில் வேறொன்றும் தோன்றவில்லை. நம் பக்கத்து வழக்கம்தான் தோன்றியது. மஞ்சள் கையை அப்படியே வாசுதேவன் தலையில் வைத்து அழுத்தினாள்.

"ஐயோ, வேணாம் ஷீலா," என்று அவன் அவள் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் சொல்லியும்விட்டாள். இவர் உயிர் மேல் சத்தியம், நான் சொன்னது பொய்யென்றால் இவர் எனக்கு இல்லாமல் போகட்டும் என்று.

தடி கீழே இறங்கியது. ஒரு பெண் டீ கொண்டுவந்தாள். தடிக்காரனே உட்கார்ந்து சக்கரக் கம்பிகளை ஒருவாறு நிமிர்த்திக் கொடுத்தான். பெரியவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். மாட்டு வண்டி வழிவிட்டது.

இரண்டு மேடு தாண்டித் தார் ரோடு கண்ணில் பட்டதும் வாசுதேவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். குளிர் ஜுரம் வந்ததுபோல் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. ஷீலா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அதான் விட்டுட்டாங்களே. இனிமே யாரு நம்மள அடிக்கப் போறாங்க? இன்னும் ஏன் நடுங்குறீங்க?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அடிக்குப் பயந்து நடுங்கல ஷீலா. அந்த அடிவாரத்த வளைக்கிறது நானும் என் ஆபீஸ் ஆளுங்க மூணு பேரும்தான். நீ என் தலையிலயே கைய வச்சுட்டியே."