நடுச்சுவர்

"பக்கத்து வீட்டுக்காரன் விடுற புகையில நான் சாகணும்னு உங்க அரசாங்கத்துல சட்டம் ஏதாவது இருக்காப்பா?"

கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டார் தம்பிக்காரர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை.

மெக்கானிக் சிரித்துச் சமாளித்தான். வீட்டைச் சூடாக்க எண்ணெயில் எரியும் பாய்லர்களைக் கழற்றிவிட்டு, ஹீட் பம்ப் என்ற புது மெஷினை மாட்டுவது அவன் வேலை. நாடு முழுக்க இந்தக் குளிர்காலத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்று உத்தரவு, செலவு அரசாங்கத்தினுடையது. அந்தத் தெருவில் பாக்கி இந்த இரண்டே வீடுகள்தான்.

ஒரு காலத்தில் அது ஒரே வீடு. அண்ணன் தம்பி சண்டையில் நடுவே சுவர் எழுப்பி இரண்டாக்கிவிட்டார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்துப் பல வருஷமாகிறது.

"புகை விடுறது உங்க அண்ணன்தானே சார்?"

"அந்த உறவைச் சொல்லாதே. ஊரே மாறுது, அவன் மாற மாட்டேங்கிறான். கல்நெஞ்சன்!"

"சரி, உங்களுக்காவது ஒண்ணு மாட்டிடவா? பழைய ஹீட்டர் ஓடலை போலிருக்கே."

"இனாமா வர்றதுக்குக் கை நீட்டுற ஆள் நான் இல்லை. அறை எப்படிக் கதகதன்னு இருக்கு பாரு! வீட்டைப் பிரிச்சதுல நல்ல பாதி எனக்கு வந்துடுச்சு. அதுல அவனுக்கு வயித்தெரிச்சல்."

வாஸ்தவம்தான், அறை இதமாகவே இருந்தது.

மெக்கானிக் விறுவிறுவென்று அடுத்த வாசலுக்குப் போனான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கூடப்பிறந்தவன் மேல் புகை விடுகிற மனுஷனை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு.

கதவைத் திறந்த அண்ணன் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு சுற்றியிருந்தார். வீடு பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. எல்லா அறைக்கும் போகிற சூட்டுக் குழாய்கள் மூடியிருந்தன. உள்ளறையில் பாய்லர் மட்டும் தடதடவென்று எரிந்துகொண்டிருந்தது.

"ஏன் சார், எண்ணெயும் பாழ், நீங்களும் நடுங்குறீங்க. புது மெஷின் வெளிக்காத்துல இருக்கிற சூட்டை இழுத்து வீட்டுக்குள்ள கொடுக்கும். எதையும் எரிக்காது, புகையே கிடையாது. வேண்டாம்னு ஒத்தைக்கால்ல நின்னா எப்படி?"

"பாய்லரை எடுத்துடுவியா?"

"எடுத்துத்தான் ஆகணும்."

"அப்ப இந்தச் சுவர் சூடாகாதே."

பாய்லர் நடுச்சுவரை ஒட்டி நின்றிருந்தது. மெக்கானிக் சுவரில் கை வைத்தான். சுட்டது. அதற்கு நேர் அந்தப் பக்கம்தான் தம்பிக்காரரின் கட்டில்.

கொண்டுவந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"பாய்லர் நின்னா, அவரே மெஷின் கேட்பார் சார்."

"கேக்குற ஜென்மமா அது? போன குளிர்ல இது ரிப்பேராகி நின்னுச்சு. அவனுக்குக் காய்ச்சல் முத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அப்பவும் யார்கிட்டயும் கேக்கலை. ஓடினேன்... என்னை உள்ளே விடாதேன்னுட்டான்."

"இந்த மாசத்தோட எண்ணெய் சப்ளையே நிக்குது சார். அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

பெரியவர் தலைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நான் போய் அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடறேன்."

பெரியவர் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தார். அந்த விரல்கள் சில்லிட்டிருந்தன.

"சொல்லிடாதேப்பா. சொன்னா, கட்டிலை நகர்த்திடுவான்."