தண்ணீரில் போன சத்து

தொலைக்காட்சியில் நாத்தனார் உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் இவள், தோல் சீவி நறுக்கிக் காலையிலேயே ஊறப்போட்ட துண்டுகளிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் கணவன் சத்தத்தைக் கூட்டினான். அக்கா டிவியில் வந்துவிட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது.

வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிடக் கூடாதாம். பொட்டாசியம் அதில்தான் இறங்கியிருக்குமாம். இதயத்துக்கு அவ்வளவு நல்லதாம்.

அந்தப் பொட்டாசியம்தான் இங்கே எமன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின் அவன் உடம்பால் அதை வெளியேற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரி எந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டுதான் நாளை ஓட்டுகிறான்.

ஆனால் உருளைக்கிழங்கு என்றால் உயிரை விடுவான். அதனால் எப்போதாவது ஊறவைத்துக் கொட்டி, நிறைய தண்ணீரில் வேகவைத்து அதையும் கொட்டி, சக்கையாக ஒரு கைப்பிடி கொடுப்பாள். இன்று அக்கா பேசுகிறாள் என்று காலையிலிருந்தே நச்சரித்துவிட்டான், சின்னக் குழந்தை தோற்றது.

வேகவைத்து வடித்ததைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

ஒரு வாய் போட்டு முகத்தைச் சுளித்தான். பிறகு திரையைப் பார்த்துப் பூரித்துப்போனான்.

"எங்கக்கா பேசுறதைப் பாரேன்! பாவம், அவளோட கிட்னி எனக்குப் பொருந்தலைன்னு அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன அழுகை அழுதா!"



இந்த வயதிலும் எப்படி இவ்வளவு தெம்பாக இருக்கிறீர்கள் என்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள். எல்லாம் சாப்பாடுதான் என்று நாத்தனார் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அழுதது என்னவோ உண்மைதான். நன்றாகப் பொருந்துகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டு நகர்ந்ததும் அழ ஆரம்பித்தாள். பயமாக இருக்கிறது, என்னால் முடியாது, தம்பிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

பிடுங்கியா வாங்க முடியும்? உடம்புதான் போய்விட்டது, அக்கா என்று ஒருத்தியாவது அவனுக்கு இருக்கட்டும் என்று இவள் நினைத்தாள்.

அறைக்குள் போய் அவனிடம், பொருந்தவில்லையாம் என்று சொன்னது இவள்தான்.

"இன்னும் கொஞ்சம் சத்தம் வை" என்றான், வாயில் கிழங்கோடு.

வைத்தாள்.