ஜன்னல் திரையில் ஒரு காட்டுச் சிலந்தி

காட்டுச் சிலந்தி ஒன்று படத்தில் பதிவாகிவிட்டால், சட்டப்படி அந்த இடம் சிலந்திக்கே சொந்தம். சுற்றி நூறு மீட்டருக்குள் குடியிருப்பவர்கள் ஏழு நாளில் காலி செய்துவிட வேண்டும். ஏலகிரியில் அந்தப் படங்களை எடுப்பது தமயந்தியின் வேலை. அவளுடைய கேமராவால் இதுவரை பதினோரு குடும்பங்கள் மலையிறங்கியிருக்கின்றன.

பன்னிரண்டாவது சிலந்தி அவளுடைய படுக்கையறை ஜன்னலிலேயே இருந்தது. கம்பிக்கும் திரைச்சீலைக்கும் நடுவே வலை கட்டி, தன் முட்டைப்பையைக் காத்துக்கொண்டிருந்தது.

தமயந்தி கேமராவைத் தூக்கினாள். பொத்தானை அழுத்தினால் படம் அந்தக் கணமே வனத்துறை அலுவலகத்துக்குப் போய்விடும். திரும்ப வாங்க முடியாது.

"வேண்டாம் தமயா" என்றான் கணவன் கோமகன். அவன் கையில் துடைப்பம் இருந்தது. "ஒரே தட்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

"போன மாசம் அந்தக் கைக்குழந்தைக்காரியும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இதையேதாங்க கேட்டா. நான் முடியாதுன்னுட்டேன்."

"இது நாம பார்த்துப் பார்த்துக் கட்டின வீடுடி!"

"அவளுக்கு மட்டும்?"

கோமகன் துடைப்பத்தை ஓங்கினான். தமயந்தி பொத்தானை அழுத்தினாள்.

கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. ஓங்கிய துடைப்பம் அப்படியே நின்றது.

பிறகு அவன் துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு, கூடத்துத் திரைச்சீலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்தான். படுக்கையறைக்கு வந்ததும் அவன் கை தயங்கியது. அது முதல் கல்யாண நாளுக்கு அவளுக்காக அவன் வாங்கி வந்த திரை.

"இதை எப்படிங்க எடுக்கிறது?" என்றாள் தமயந்தி.

"இருக்கட்டும். அதோட வீடு இதுலதானே தொங்குது."