மாலைக்கு அடியில்

வாருங்கள் தோழர்களே, நசுங்கிக் கிடக்கும் இந்த எலுமிச்சம்பழங்களைப் பாருங்கள். ஒரே காருக்கு இது ஏழாவது புதுவண்டிப் பூசை. வாடகை வண்டியென்று காட்டிக்கொடுக்கும் மஞ்சள் எண் பலகையைச் சாமந்தி மாலையால் மூடிவிட்டு, அதன் ஓட்டுநர் கோதண்டமே இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு, சீக்கிரம் பணக்காரராவது எப்படியென்று காசுக்கு வகுப்பு நடத்துபவர்கள் எழுதிக் கொடுத்ததைக் கைப்பேசியின் முன் முழங்கினார்: “ஆறே மாசம். நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன்.”

மூன்றாம் நாள் அவர் காரைத் தெருமுனையில் நிறுத்தியபோது, இட்லிக் கடைப் பவுனம்மா லட்டோடு ஓடிவந்தாள்.

“கமுக்கமா இருந்து சாதிச்சிட்டியேண்ணே. வீடியோ பாத்தேன். நானும் அந்த வகுப்புல சேந்துட்டேன்.”

“பணத்துக்கு?”

“கிரைண்டரை வித்துட்டேன். கார்ல போறவளுக்கு மாவாட்டுற வேலை எதுக்கு?” என்று சிரித்தாள். “பழம் நசுங்குறப்ப உள்ள உக்காந்திருந்தா எப்படிண்ணே இருக்கும்?”

கோதண்டம் வாயைத் திறந்தார். அவள் அதில் லட்டைத் திணித்தாள். பிறகு புதுக் காரைக் கண்குளிரப் பார்க்க முன்பக்கம் நடந்தாள். அவர் முந்தி ஓடி, மாலையில்லாத அந்தப் பலகையைத் தன் முழங்கால்களால் மறைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

அவராக நகரமாட்டார். அவரை விலக்குங்கள், அடுத்த கிரைண்டர் விலைபோவதற்குள் விலக்குங்கள்.