கலாநிதியின் உத்தியோக வரலாறு

சிங்கப்பூருக்குப் போன அவித்துக் காயவைத்த நாற்பது சாக்குக் கடலட்டையும் திரும்பி வந்துவிட்டது.

கூடவே ஒரு கடிதம். 'மேலே சுண்ணாம்பு. உள்ளே மணல். மாத முடிவுக்குள் சுத்தமான சரக்கு வராவிட்டால் பிலிப்பைன்ஸ்காரனிடம் வாங்கிக்கொள்வோம்.'

எழுபத்தொன்பதாம் ஆண்டு. பருத்தித்துறை அட்டைச் சங்கத்தில் அறுபது குடும்பம். அறுபதுக்கும் அந்த நாற்பது சாக்கை விட்டால் வேறொன்றும் இல்லை.

சங்கத் தலைவர் கனகசபாபதி மாஸ்டர் கொழும்புக்கு எழுதினார். ஒரு நிபுணரை அனுப்பினார்கள். கலாநிதி றிச்சர்ட் கிருபைரட்ணம். உலகச் சந்தையில் எந்த நாடு எதை விற்றுப் பிழைக்கலாம் என்று அரசாங்கங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். வேகாத வெயிலிலும் கழுத்துப்பட்டி.

மாஸ்டர் அவருடைய உத்தியோக வரலாற்றைத் தாளைப் பார்த்து வாசித்தார்.

"லண்டனிலை பொருளாதாரக் கலாநிதிப் பட்டம். ஜெனீவாவிலை ஏழு வருசம். பாங்கொக்கிலை நாலு வருசம். மூண்டு அரசாங்கத்துக்கு ஆலோசகர்..."

"மாஸ்டர்!" கடைசி வாங்கிலிருந்து, கடலில் மூழ்கி அட்டை எடுக்கும் சுழியோடி நாகலிங்கம் கூப்பிட்டான். "ஜெனீவாவிலை கடலே இல்லையெண்டு நீங்கள்தானே எங்களுக்குப் படிப்பிச்சனீங்கள்?"

மண்டபம் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

கலாநிதி எழும்பினார். சுற்றி வளைக்கவில்லை.

"சாக்குகளைப் பிரிச்சுப் பாத்தன். அட்டை பழுதில்லை. நாப்பது சாக்கையும் திருப்பி அவியுங்கோ. ஈர மணலுக்கை தாட்டுப் புதைச்சு, அடுத்த நாள் எடுத்துத் தேயுங்கோ. சுண்ணாம்பும் கழரும், உள்ளுக்கை இருக்கிற மணலும் போகும்."

சிரிப்பு நின்றது.

"காய்ஞ்ச அட்டையைத் திருப்பி அவிக்கிறதோ? கூழாப் போகுமே!"

"விசரே உந்த மனுசனுக்கு?"

"அவருக்கென்ன? நாளைக்கு ரயிலேறிப் போடுவார். கூழைக் கரைச்சுக் குடிக்கப்போறது நாங்களெல்லே!"

பூரணம் எழும்பினாள். முப்பது வருசமாகக் கடற்கரைக் கொட்டிலான வாடியில் அட்டை காயவைக்கிறவள். அவள் சொல்லுக்கு மற்றப் பெண்கள் கட்டுப்படுவார்கள்.

"ஐயா, கோவிக்காதையுங்கோ. அட்டை கூழாப் போனா அறுபது வீட்டிலையும் அடுப்பெரியாது. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. உங்கடை கையாலை ஒரு அட்டையாவது அவிச்சனீங்களோ?"

கலாநிதி வாயைத் திறந்தார். மாஸ்டரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"பாத்தியளோ!" நாகலிங்கம் துள்ளினான். "உவர் புத்தகத்திலை அவிச்சவர். வாங்கோ, கொழும்புத் தரகனுக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடுவம்."

வாங்குகள் இழுபட்டன. சனம் வாசலுக்கு நடந்தது.

"மாஸ்டர், உந்தாளை பஸ் ஏத்திவிடுங்கோ!"

"நில்லுங்கோ."

மாஸ்டரின் குரலா அது என்று திரும்பிப் பார்த்தார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வரி நான் வாசிக்கேல்லை."

தாளை எடுத்து விரித்தார். முதல் வரி பேனையால் அடிபட்டிருந்தது.

"வெக்கத்திலை அடிச்சுப்போட்டாராக்கும்" என்றான் நாகலிங்கம்.

"அவர் அடிக்கேல்லை. நான் அடிச்சனான்."

மாஸ்டர் அடித்த வரியை வாசித்தார்.

"முப்பத்தாறாம் ஆண்டு தொடக்கம் முப்பத்தெட்டு வரை, சிலாவத்துறை வாடியில் அட்டை அவிக்கும் கூலி. என் முதல் உத்தியோகம்."

பூரணம் வாசலிலிருந்து திரும்பி வந்தாள்.

"இதையேன் மாஸ்டர் அடிச்சனீங்கள்? உதை முதலே கேட்டிருந்தா வாய் பேசாமல் அவிச்சிருப்பமே!" பிறகு கலாநிதியிடம் திரும்பினாள். "நீங்களும் கல்லுமாதிரி இருந்தியளே, ஐயா?"

"நான் தனிய அவிக்கேல்லை, தங்கச்சி" என்றார் கலாநிதி. "கூட ஒருத்தர் இருந்தவர். என்ரை கதை வெளியிலை வந்தா அவரின்ரை கதையும் வரும். அவருக்கு அது விருப்பமில்லையெண்டு இண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு."

"ஆர் அவர்?"

"அது வேண்டாம்."

"வேணும்" என்றார் மாஸ்டர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாடியிலை பழுதெண்டு கழிச்ச அட்டையைத் திருப்பி அவிக்கிற வேலை அந்த மற்றவனுக்குத்தான். ரெண்டு வருசம் அவிச்சான். ஒண்டுகூடக் கூழாகேல்லை. ஊருக்கு வந்து, அந்த ரெண்டு வருசமும் இந்தியாவிலை படிச்சனான் எண்டு பொய் சொன்னான். நீங்கள் நாப்பது வருசமா நம்பினியள். அவன் சொல்லுறான், பயமில்லாமல் அவியுங்கோ."

பூரணம் விடவில்லை. "அவனுக்குப் பேர் இல்லையோ மாஸ்டர்?"

"கனகசபாபதி."