உயிரில்லாத நகல்

மதிய வெயில் விழும் மேசையில் பழைய பரிசோதனை முடிவு, புதிய முடிவு என இரண்டு தாள்களை அருகருகே வைத்து, அக்காவுக்கும் தங்கைக்கும் மருத்துவர் விளக்குகிறார். "எக்ஸ் குரோமோசோம்ல, பையன் நோய்க்குக் காரணம்னு நாங்க நினைச்ச மரபணுவுக்குப் பக்கத்துலயே அதே மாதிரி இன்னொண்ணு இருக்கும்மா. வேலை செய்யாத நகல். பையனுக்கும் உங்க ரெண்டு பேருக்கும் போன தடவை பார்த்த பிழை நிஜ மரபணுல இல்ல, அந்த நகல்லதான் இருந்திருக்கு. அதனால யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்ல." மடியில் துவண்டு கிடக்கும் மகனின் எச்சிலைத் துடைத்தபடி அக்கா கேட்கிறாள்: "அப்போ இவனுக்கு எதனால இப்படி?" "தெரியலைம்மா." மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்கின்றன. தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: "அந்த ரிசல்ட்டை நம்பித்தானே டாக்டர் நான் என் குழந்தையைக் கலைச்சேன்." மருத்துவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். துடைக்கவுமில்லை, மாட்டவுமில்லை. அக்கா தங்கையின் கையைப் பிடிக்கிறாள். அது அந்தப் பிடிக்குள் அப்படியே கிடக்கிறது.